பன்றிக்கு ஊசியா, கத்தியா? ஜெர்மனியில் நுகர்வோர் பெயரில் முடிவெடுப்பது யார்?

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆண் பன்றிக்குட்டி. மயக்க மருந்து கிடையாது. சில நொடிகளில் கத்தியால் கீறி விரையை எடுத்துவிடுவார்கள். ஜெர்மனியில் பல பத்தாண்டுகளாக இதுதான் வழக்கமாக இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் மயக்கம் இல்லாமல் காயடிக்க அங்கே தடை. இதற்கான சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. 2019-ல் அமலாக வேண்டிய தடை, இன்னும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. ஏன் இவ்வளவு இழுபறி?

காயடிப்பது எதற்கு?

எல்லாம் வாடைக்காகத்தான். வயதுக்கு வரும் ஆண் பன்றியின் கொழுப்பில் இரண்டு பொருட்கள் சேரும். ஒன்று, விரையில் உருவாகும் ஆன்ட்ரோஸ்டீனோன்; சிறுநீர், வியர்வை மாதிரி நாறும். இன்னொன்று, குடலில் பாக்டீரியாக்கள் உருவாக்கும் ஸ்கேட்டோல், மல வாடை. இறைச்சியைச் சூடாக்கும்போது இது மூக்கில் ஏறும். எல்லா ஆண் பன்றிக்கும் இந்த வாடை வராது. ஆன்ட்ரோஸ்டீனோன் வாடையே தெரியாத மனிதர்களும் நிறைய இருக்கிறார்கள். அது மரபணு விஷயம்.

ஆனால் எந்தப் பன்றியில் வாடை வரும் என்று முன்கூட்டியே தெரியாதே? அதனால் எல்லாவற்றையும் காயடித்துவிடுகிறார்கள்.

மாற்று வழிகள் என்னென்ன?

மூன்று இருக்கின்றன.

1. காயடிக்காமலே வளர்ப்பது: பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் இது சகஜம். பிரிட்டனில் எடை அதிகமாக ஏறுவதற்கு முன்பே அறுத்துவிடுவது வழக்கம். மற்ற நாடுகளில் வாடை அடிக்கும் இறைச்சியை அறுப்புக்கூடத்தில் மோப்பம் பிடித்துத் தனியே ஒதுக்க வேண்டும்.

2. மயக்கம் கொடுத்துக் காயடிப்பது: ஐசோஃப்ளூரேன் வாயுவும் வலி நிவாரணியும் தருவார்கள். கருவிக்கும் பயிற்சிக்கும் விவசாயிதான் செலவழிக்க வேண்டும்.

3. தடுப்பூசி: பெயர் இம்ப்ரோவாக். ஆஸ்திரேலியாவில் 1998-லும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-லும் அனுமதி கிடைத்தது. குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. விரையை இயக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனுக்கு எதிராகப் பன்றியின் உடலே எதிர்ப்பொருளை உருவாக்கும். விரை சுருங்கும், வாடை போய்விடும். கத்திக்கே வேலை இல்லை.

அப்புறம் என்ன, ஊசியே போடலாமே?

இங்கேதான் நுகர்வோர் என்ற பெயர் வருகிறது. 'ஹார்மோன் ஊசி போட்ட கறி என்று நினைத்து மக்கள் வாங்க மாட்டார்கள்' என்பது ஜெர்மன் இறைச்சித் துறையின் பயம். நம்ம ஊரில் பிராய்லர் கோழியைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை நினைவுக்கு வருகிறதா? அதே பயம்தான். உண்மையில் இம்ப்ரோவாக் ஹார்மோன் அல்ல, ஹார்மோனைத் தடுப்பது. ஊசிக்குப் பிறகு இத்தனை நாள் இறைச்சியை விற்கக் கூடாது என்ற காத்திருப்புக் காலமும் இதற்கு ஐரோப்பாவில் பூஜ்ஜியம்.

மக்களைக் கேட்டபோது என்ன சொன்னார்கள்?

ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 4,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. மயக்கம் கொடுத்துக் காயடிப்பதா, தடுப்பூசியா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட 70% பேர் தடுப்பூசியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே சமயத்தில் நார்வேயில் நடந்த ஆய்வில் தடுப்பூசி மீது தயக்கம் தெரிந்தது. அங்கே 2002 முதலே மயக்கம் கட்டாயம் என்பதால், மக்கள் ஒப்பிட்ட நிலைமையே வேறு.

இன்னொன்றையும் கவனிக்கணும். பன்றியைக் காயடிக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் திடீரென்று கேட்டால், கேள்வியில் வரும் வார்த்தையே பாதி பதிலைத் தீர்மானித்துவிடும். 'தடுப்பூசி' என்றால் நிம்மதி, 'ஹார்மோன்' என்றால் பீதி. ஆய்வில் 'சரி' சொன்னவர் கடையில் விலையைப் பார்த்து வாங்குவார் என்பதும் நிஜம்.

கடைசியில் என்ன நடந்தது?

பெல்ஜியத்தில் கோல்ரைட் சூப்பர் மார்க்கெட் குழுமம் 2010-களின் தொடக்கத்திலேயே தடுப்பூசி போட்ட பன்றியின் பக்கம் போனது. அறுவை முறையையே 2018-க்குள் தானாக முன்வந்து கைவிடுவோம் என்று ஐரோப்பிய இறைச்சித் துறையும் விவசாய அமைப்புகளும் 2010-ல் அறிவித்தன, அது நடக்கவில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான பண்ணைகள் ஐசோஃப்ளூரேனுக்கு மாறின. அதாவது மயக்கம் வந்தது, கத்தி போகவில்லை. வலி நிவாரணி கொடுத்தாலும் காயம் காயம்தான். வாயுவைச் சுவாசிக்கும் பண்ணையாளர்களுக்குத் தலைவலி என்ற புகாரும் உண்டு.

நுகர்வோர் மறுத்ததால் ஊசி தோற்றது என்று சொல்ல முடியாது. ஜெர்மன் கடைகளில் அது பெரிய அளவில் அவர்கள் முன் வைக்கப்படவே இல்லை. அறுப்புக்கூடம் வாங்காத பன்றிக்கு விவசாயி ஏன் ஊசி போடப்போகிறார்? மக்கள் மறுப்பார்கள் என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கான விலையைக் குட்டியும் விவசாயியும் கொடுக்கிறார்கள்.