மொட்டை மாடிக்கும் ஒரு சட்டம் வேண்டும்!



வீடு கட்ட பிளான் போடும்போது என்னென்ன பார்க்கிறோம்? வாசல் எந்தத் திசை, சமையலறை எங்கே, பக்கத்து வீட்டுக்கு எத்தனை அடி விடணும், எல்லாம் பார்ப்போம். மேலே அடிக்கிற வெயிலை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. சித்திரை மாதம் தளம் போட்ட வீட்டுக்குள் உட்கார்ந்து பாருங்கள். பகலெல்லாம் சூடேறின தளம் ராத்திரி பத்து மணிக்கும் தணியாது. ஃபேன் போட்டால் அனல் காத்துதான் வரும். அங்கேதான் கைக்குழந்தையும் தூங்கணும், நாமும் பரீட்சைக்குப் படிக்கணும்.

"வீடு அவங்கவங்க இஷ்டம், இதுக்குமா சட்டம்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனதே, அது சட்டம் இல்லாமலா வந்தது?

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரம் 2000-ல் ஒரு விதி கொண்டு வந்தது. புதிய பெரிய கட்டடங்கள் தங்கள் வெந்நீருக்கு வேண்டிய சக்தியில் 60 சதவீதத்தைச் சூரியனிடமிருந்து எடுக்க வேண்டும். சின்னக் கட்டடங்களை முதலில் விட்டுவிட்டு, 2006-ல்தான் எல்லாப் புதுக் கட்டடங்களுக்கும் அதைக் கொண்டு வந்தார்கள். பெரியவர்களிடம் தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் மாநிலத்தில் 2019-ல் வந்த கட்டட விதிகளிலும் சூரிய சக்தி பற்றி இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு அது தெரியவே இல்லை.

எல்லா வீட்டுக்கும் சோலார் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். அதற்குள் முடித்துக்கொள்கிற கூலிக் குடும்பத்துக்கு சோலாரால் என்ன லாபம்? கடன்தான் மிச்சம். அதனால் என் கருத்து இதுதான்:

1. கல்யாண மண்டபம், மில், குடோன், பெரிய மாடி வீடு புதிதாகக் கட்டினால் சோலார் கட்டாயம்.

2. சின்ன வீட்டுக்குக் கட்டாயம் வேண்டாம். எதிரெதிர் ஜன்னல் வைத்து, தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். அப்படிச் செய்கிறவர்களுக்கு வீட்டு வரியில் கொஞ்சம் குறைக்கலாம்.

3. ஒருவர் கடன் வாங்கி சோலார் வைக்கிறார். மறுவருஷம் பக்கத்தில் மூன்று மாடி எழும்பி நிழல் விழுந்தால் அவர் பணம் என்ன ஆகும்? அடுத்தவர் வெயிலை மறைக்காத அளவு இடைவெளியும் உயரமும் விதியில் வேண்டும்.

விதி மட்டும் போதாது. மழைநீர்க் குழாய் மண்ணுக்குள் போகாமல் சும்மா சுவரில் தொங்குகிற வீடுகளையும் பார்க்கிறோம். பிளானுக்குக் கையெழுத்துப் போட்டால் வேலை முடியவில்லை. கட்டின பிறகும் யாராவது வந்து பார்க்க வேண்டும்.

வீடு ஒரு தடவைதான் கட்டுகிறோம். அதில் ஐம்பது வருஷம் வாழணும். சுவர் எழும்பின பிறகு ஜன்னல் வைப்பது எவ்வளவு செலவு என்று கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள்!

நமக்கு ஓட்டு இல்லை. ஆனால் வாய் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போகும் அப்பா, அம்மாவிடம் இதைச் சொல்லி அனுப்புவோமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி