எழுத்தை நெரிப்பதோ?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பத்திரிகைக் கடை முன் நின்று தலைப்புகளை நோக்கும் அன்பர்களை ஒன்று கேட்கிறோம். அத்தலைப்பில் உள்ளது ‘மணம்’ என்பதா, ‘மனம்’ என்பதா? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. குற்றம் கண்ணினுடையதன்று; எழுத்தை இருபுறமும் பிடித்து நெரித்த கையினுடையது.

பத்தி குறுகியது, தலைப்பு நீண்டது. ஆகவே கணினியில் எழுத்தின் அகலத்தை நூற்றுக்கு 60 ஆகக் குறைத்துவிடுகிறார்கள், உயரத்தைத் தொடுவதில்லை. விளைவு யாது? நிமிர்ந்த கோடு மெலிந்து போகிறது. கிடைக்கோடு மட்டும் பழைய பருமனிலேயே நிற்கிறது. ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் அடைபட்டு ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றன. ஞ-வின் கதியைச் சொல்லவே வேண்டா. கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பெயர்ப்பலகைகளிலும் இதே கோலந்தான்.

ஆங்கிலேயருக்கும் இவ்விட நெருக்கடி வந்ததுண்டு. 1845-இல் இலண்டன் பேன் தெரு வார்ப்படச்சாலையின் ராபர்ட் பெஸ்லி ‘கிளாரெண்டன்’ என்னும் எழுத்தை வெளியிட்டார். ஒடுங்கிய உடல், தடித்த கோடு, அடியிலும் முடியிலும் கட்டை போன்ற பாதம். அகன்ற எழுத்தை நசுக்கிப் பெற்றதன்று அது. ஒடுங்கி நிற்பதற்கென்றே புதிதாக வெட்டியது. வளைவைச் சற்று நிமிர்த்தி, உள்ளிருக்கும் வெளியைக் காத்து, கோட்டின் பருமனைச் சீராக்கினால்தான் ஒடுங்கிய எழுத்துக்கு உயிர் உண்டு.

“தமிழெழுத்து இயல்பிலேயே பருத்தது, அதற்கு இது ஒவ்வாது” என்பர் சிலர். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நம் போன்றோரே இதை மிகுதியும் சொல்லி வந்தோம், வெட்கப்படுகிறோம். தரங்கம்பாடி வரலாறு அறிந்தவர் இவ்வாறு பேசார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழெழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்து தாளை விழுங்கின. சீகன்பால்கு கூட்டத்தார் அவற்றை நசுக்கவில்லை. அங்கேயே சிற்றெழுத்து வெட்டி வார்த்தனர். ஈயத்துக்காகப் பாற்கட்டி சுற்றி வந்த தகட்டையும் உருக்கினர் என்பர்! 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவெய்த அச்சிற்றெழுத்தே உதவிற்று.

மரபு கெடும் என்போர் வேறு. ஓலையில் புள்ளியிடாது எழுதியதும் மரபுதானே? ஈ.வெ.ரா. 1935-இல் ‘குடிஅரசு’ ஏட்டில் துதிக்கை போல் வளைந்த பழைய ணை, னை முதலியவற்றைத் திருத்தினார். 1978-இல் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது. இன்று அத்துதிக்கைக்காக அழுவார் எவருமிலர்.

கட்டைப்பாதமும் வேண்டுமென்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. ப, ட போன்றவற்றுக்கு அது பொருந்தலாம், ழ-வுக்கு இடையூறே. ஒடுக்கி வரைந்த எழுத்து வேண்டும்; அவ்வளவே.

அதற்கு ஆளில்லை என்றும் சொல்லவியலாது. 1985-இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டவர். அவர் வரைந்த தமிழெழுத்துகளை ஆப்பிள் நிறுவனமே தன் கணினிகளில் வைத்திருக்கிறது. அயல்நாட்டு நிறுவனம் மதித்த கலைக்கு நம் ஏடுகள் கூலி கொடுக்கத் தயங்குவானேன்? 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோயிற்று. எஞ்சிய ஏடுகளைத் தோட்டத்து முதியவர் இன்னும் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார். பேரப்பிள்ளை அவர் தோளருகே நின்று தலைப்பைக் கூட்டுகிறது. ண எது, ன எது என்று அப்பிள்ளை கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?

புதிய எழுத்து வரும் வரையில், தலைப்பு பத்தியில் அடங்காவிடின் ஒரு சொல்லைக் குறைக்கட்டும். ஆசிரியர் பின் எதற்கு இருக்கிறார்?