துளைகளுக்குக் கதவு இல்லை

இலக்கிய வாசகர் கூடும் இடத்தில் முகத்துக்குப் பூசும் டோனருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு பொய்யான உருவகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மெய்யான பணத்தைக் கறந்துகொண்டிருக்கையில், உருவகங்களை வாசிக்கப் பழகிய நாம் வாய்மூடி இருப்பது நியாயமல்ல.

அந்த உருவகம் எல்லோரும் அறிந்ததே: வெந்நீர் சருமத் துளைகளைத் திறக்கிறது, டோனர் மூடுகிறது. கேட்க அழகாக இருக்கிறது; உடற்கூறு அறிந்தவர்களுக்கோ இது அபத்தம். துளையைத் திறந்து மூட அதைச் சுற்றித் தசை ஏதும் இல்லை. அதன் அளவைத் தீர்மானிப்பவை பரம்பரை, எண்ணெய்ச் சுரப்பு, வயது, வெயில் ஆகியவை. ஆல்கஹால் கலந்த திரவம் ஆவியாகும்போது தோல் குளிர்ந்து சற்றே இறுகுகிறது. அந்தக் குளிர்ச்சியைத்தான் கதவு மூடிய ஓசையாக நாம் வாசித்துக்கொள்கிறோம்.

டோனருக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. சருமத்தின் மேற்பரப்பு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டியது. 1928-இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை 'அமிலப் போர்வை' என்று அழைத்தார்கள். வழக்கமான சோப்பின் பிஎச் அளவோ 9 முதல் 10 வரை. கடின நீரில் அது தோலின்மீது படிவையும் விட்டுச்செல்லும். அதைத் துடைத்தெடுக்க ஒரு திரவம் உதவியது. இன்று காரத்தன்மையற்ற ஃபேஸ்வாஷ்கள் எங்கும் கிடைக்கின்றன. சோப்பையே பயன்படுத்தினாலும், ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தன் அமிலத்தன்மையைத் தானே மீட்டுக்கொள்கிறது. காரணம் போய்விட்டது, சடங்கு மட்டும் நிற்கிறது.

இதைச் சடங்காக்கியதில் 1968-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிளினிக் நிறுவனத்தின் 'மூன்று படி' முறைக்குப் பெரும் பங்குண்டு. சோப்பு, துடைக்கும் திரவம், மாய்ஸ்சரைசர். 'படி' என்ற சொல்லின் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருளை வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். ஒரு படியைத் தாண்டினால் குற்றவுணர்வு எழும். பின்னாளில் கொரிய முறை என்ற பெயரில் மூன்று படிகள் பத்தாகப் பெருகின.

'எனக்குப் பலன் தெரிகிறதே' என்போர் உண்டு. தெரியலாம். சாலிசிலிக் அமிலம் கலந்த டோனர் எண்ணெய்ப் பசையுள்ள, பரு வரும் முகத்துக்கு உதவும். கிளிசரின் கலந்தது ஈரம் காக்கும். அந்தப் பலன் அமிலத்துக்கும் கிளிசரினுக்கும் உரியது, டோனர் என்ற பெயருக்கு உரியதல்ல. அதே பொருள்கள் ஃபேஸ்வாஷிலும் மாய்ஸ்சரைசரிலும் கிடைக்கின்றன. திருமண வாசலில் மணத்துக்காக நாம் தெளித்த பன்னீரும் இன்று டோனர் என்ற பட்டத்தோடு குப்பியில் விற்பனைக்கு வருகிறது.

வீண்செலவோடு இது முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆல்கஹால் மிகுந்த திரவம் வறண்ட தோலையும் கரப்பான் உள்ள தோலையும் மேலும் புண்படுத்தும். பருவோடு போராடும் பதின்வயதுப் பிள்ளை, அந்த எரிச்சலையே மருந்து வேலை செய்வதன் அறிகுறியாக நம்பி இன்னும் அழுத்தித் துடைக்கிறது. தன் முகம் ஓயாமல் திருத்தப்பட வேண்டிய பிழை என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளையின் மனதில் ஊன்றியவை விளம்பரத்தின் சொற்களே. ஒரு கவிதையில் பொய்யான உருவகம் வந்தால் வரிவரியாகக் கிழிக்கிறோம். குப்பியின் மேல் ஒட்டிய உரைநடைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?