மனநோயாளியின் உடல் யாருடைய பொறுப்பு?

மனநல மருத்துவமனையொன்றில் உள்நோயாளியாக இருந்த என் கட்சிக்காரர் ஒருவர், பல வாரங்களாகத் தாகம் தாகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தார். கோப்பில் அது 'அமைதியின்மை' என்று பதிவாகியிருந்தது. அவர் மயங்கி விழுந்த பிறகே இரத்தச் சர்க்கரையை அளந்தார்கள்.

இதைத் தனியொரு செவிலியரின் கவனக்குறைவு என்று முடித்துவிடலாம், அது எளிது. ஆனால் ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை என்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. லித்தியம் தைராய்டையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். தீவிர மனநோய் உள்ளவர்கள் பிறரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்விறப்புகளில் பெரும்பகுதி தடுக்கக்கூடிய உடல்நோய்களால் நேர்பவை.

மருத்துவர் வார்டைச் சுற்றிவந்து போய்விடுகிறார். நாள்தோறும் மாத்திரை கொடுத்து அருகில் நிற்பவர் செவிலியரே. எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை அளந்து எழுதப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டா. ஆயினும் உடல் தம் துறையன்று என்ற எண்ணம் மனநல வார்டுகளில் ஊறிப்போயிருக்கிறது. ஒரு செவிலியரிடம் ஒரு வார்டு முழுவதையும் ஒப்படைத்துவிட்டு அவரை மட்டும் குறைசொல்வதும் நேர்மையாகாது.

சாதி நுழையும் இடமும் இதுதான். குளிப்பாட்டுவது, மலம் துடைப்பது, படுக்கைப் புண்ணை முதலில் காண்பது எல்லாம் ஒப்பந்தப் பணியாளர்களின் வேலை. நான் சென்ற வார்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். "சிஸ்டர், இவருக்குச் சுகர் இருக்கான்னு பாருங்க" என்று என் கட்சிக்காரருக்காக முதலில் சொன்னவரும் ஒரு துப்புரவுப் பணியாளரே. அவர் சொல்லை யாரும் கோப்பில் ஏற்றவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு இடம் தரவில்லை. எல்லாச் சுகாதாரச் சேவைகளிலும் மனநோயாளியை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்றும், சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்றும் அதன் பிரிவு 21 கூறுகிறது. சேவைக் குறைபாடு குறித்துப் புகார் செய்யும் உரிமையைப் பிரிவு 28 தருகிறது. பிரிவு 77-இன்கீழ் மனநல மறுஆய்வு வாரியத்தில் மனுச் செய்யக் கட்டணம் இல்லை. நோயாளியின் ஒப்புதலுடன் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும் மனுச் செய்யலாம். களத்தில் இருக்கும் தோழர்கள் இவ்வழியை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம் என்பது என் வருத்தம்.

முதலில் கேட்க வேண்டியது மருத்துவப் பதிவேடு; அதைப் பெறுவது பிரிவு 25 தரும் உரிமை. என் கட்சிக்காரரின் பதிவேட்டில், சேர்க்கப்பட்ட நாளுக்குப் பின் எடை ஒருமுறைகூட எழுதப்படவில்லை. அந்த வெற்றுக் கட்டங்களின் நகலைத்தான் மனுவின் முதல் இணைப்பாக வைத்திருக்கிறோம்.