விழித்திருப்பது வீரமா?

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் பள்ளி வாயில்களில் ஓர் உரையாடலைக் கேட்கலாம். "நேற்று எத்தனை மணி வரை படித்தாய்?" என்று ஒரு மாணவன் கேட்பான். "இரண்டு மணி வரை" என்பான் மற்றவன். மூன்றாமவன் சிரித்துக்கொண்டே, "நான் படுக்கவே இல்லை" என்பான். உடனே அவனுக்கு ஒரு தனி மரியாதை பிறந்துவிடும். "அப்படி விழித்துப் படித்ததில் இப்போது எவ்வளவு நினைவில் இருக்கிறது?" என்று அவனை யாரும் கேட்பதில்லை.

இந்த மரியாதை தவறான இடத்தில் செலுத்தப்படுகிறது என்பது என் கருத்து. உடல் நலத்திற்கும், மனம் ஒன்றிப் படிப்பதற்கும் உதவும் எளிய பழக்கங்கள் பல உண்டு. நல்ல உணவு, உடற்பயிற்சி, மாலை விளையாட்டு எல்லாம் வேண்டியவையே. ஆனால் அவற்றுள் காசு செலவில்லாததும், நாம் மிகவும் அலட்சியம் செய்வதும் ஒன்று உண்டு. நாள்தோறும் குறித்த நேரத்தில் உறங்கி, குறித்த நேரத்தில் எழுவதே அது.

அரை டிகிரி கற்பித்த பாடம்

நான் இயற்பியல் பட்ட வகுப்பில் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் செய்முறைத் தேர்வு. விடுதி அறையில் நண்பர்கள் மூவர் விடிய விடிய விழித்திருந்து வாய்பாடுகளை உருப்போட்டோம். நான்கு முறை தேநீர் குடித்தோம். காலையில் எனக்கு வந்தது நிறமாலைமானிச் சோதனை. முப்பட்டகத்தின் கோணத்தையும் ஒளிவிலகல் எண்ணையும் காண வேண்டும். பலமுறை செய்து பழகிய சோதனைதான்.

அக்கருவியில் எதிரெதிராக இரண்டு வெர்னியர்கள் உண்டு. இரண்டிலும் கிடைக்கும் விடை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கோ ஒன்றில் 120 டிகிரி வந்தது. மற்றதில் 119 டிகிரி 30 நிமிடம் வந்தது. கருவியில்தான் பிழை என்று முடிவு கட்டினேன். முப்பட்டக மேடையைக் கலைத்து மீண்டும் மட்டம் செய்தேன். தொலைநோக்கியை மறுபடியும் சரிசெய்தேன். எல்லா அளவுகளையும் முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினேன். சிறுமத் திசைமாற்றக் கோணத்தைக் காண்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தேறினேன் என்பதைத் தவிர அந்தத் தாளில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அன்று பகல் விடுதிக்கு வந்து படுத்தவன் மாலையில்தான் எழுந்தேன். முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே பிழை விளங்கிவிட்டது. அக்கருவியின் முதன்மை அளவுகோலில் ஒவ்வொரு சிறு பிரிவும் அரை டிகிரி. ஓரிடத்தில் அந்த அரை டிகிரிக் கோட்டைக் கவனியாமல் விட்டிருந்தேன். 30 நிமிடத்தைக் கூட்டவில்லை, அவ்வளவுதான்! காலையில் இருந்த அறிவுதான் மாலையிலும் என்னிடம் இருந்தது. ஆனால் காலையில் அதை எடுத்துப் பயன்படுத்த என்னால் முடியவில்லை.

உறக்கம் வீண் பொழுதா?

உறங்கும்போது மூளை வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கிறது என்று பலரும் எண்ணுகிறோம். அது உண்மையன்று. நம் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. உறக்கத்திலும் அதன் வேலை நிற்பதில்லை.

1953 ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தேனியல் கிளெய்ட்மன் என்ற இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதைக் கண்டறிந்தனர். அவ்வேளையில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். உறக்கம் ஒரே சீரானதன்று என்பது இதனால் தெளிவாயிற்று. ஆழ்ந்த உறக்கமும் கண்ணசைவு உறக்கமும் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன. ஆழ்ந்த உறக்கம் முன்னிரவில் மிகுதி. கண்ணசைவு உறக்கம் விடியற்காலையில் மிகுதி. ஆகவே உறக்கத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தை வெட்டுபவர், ஒரு வகை உறக்கத்தின் பெரும் பகுதியை இழந்துவிடுகிறார்.

இதற்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு? 1924 இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தனர். இரண்டு மாணவர்களுக்குப் பொருளற்ற அசைகளின் பட்டியல்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சில முறை படித்தவுடன் உறங்கச் செய்தார்கள். சில முறை விழித்திருக்கச் செய்தார்கள். பிறகு, எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதித்தார்கள். உறங்கி எழுந்தபோதே மிகுதியாக நினைவிருந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகளும் உறக்கம் நினைவை நிலைப்படுத்துகிறது என்பதை உறுதி செய்துள்ளன.

கொத்தனார் தளம் போட்டவுடன் அதன்மேல் நம்மை நடக்க விடுவாரா? நீர் கட்டி, நாட்கணக்கில் இறுக விடுவார். படிப்பது தளம் போடுவது என்றால், உறங்குவது அதை இறுக விடுவது.

உள்ளே ஓடும் கடிகாரம்

எவ்வளவு நேரம் உறங்குகிறோம் என்பது மட்டும் போதாது. எப்போது உறங்குகிறோம் என்பதும் முக்கியம். 1729 இல் டி மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், பகலில் இலை விரித்து இரவில் மூடும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியன் தெரியாத போதும் அச்செடி உரிய வேளையில் இலைகளை விரித்து மூடியது. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதற்சான்றுகளில் இதுவும் ஒன்று. உயிரணுக்களில் அக்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நம் மதுரையிலும் இத்துறையில் சிறந்த ஆய்வுகள் நடந்துள்ளன. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் குகை வௌவால்களை ஆராய்ந்தனர். வெளிச்சம் எட்டாத குகைக்குள் அடைத்து வைக்கப்பட்ட வௌவால்கள், உடன் வாழும் மற்ற வௌவால்களின் போக்குவரத்தைக் கொண்டே தம் கடிகாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டன. கூட்டம் இல்லாதபோது அவற்றின் கடிகாரம் 24 மணியை விட்டு விலகி ஓடியது. இம்முடிவு 1981 இல் வெளியாயிற்று.

மனிதனின் கடிகாரமும் அப்படியே. சராசரியாக அது 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்ட நாளைக் காட்டுகிறது. மெதுவாக ஓடும் சுவர்க் கடிகாரத்தை நாம் தினமும் திருப்பி வைப்பதில்லையா? அதுபோல் உள்ளே இருப்பதைத் தினமும் திருப்பி வைப்பது காலை வெளிச்சம்.

உங்கள் வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பருவ வயதில் இக்கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் வரத் தாமதமாகிறது. காலையில் எழ மனம் வருவதில்லை. பெரியவர்கள் இதைச் சோம்பல் என்று திட்டுவார்கள். எல்லாம் சோம்பல் அன்று. ஆனால் இருக்கும் தாமதத்தை நாமே வளர்க்கலாமா? விழித்திரையில் உள்ள சில செல்கள் 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை உணர்ந்து, "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கைப்பேசித் திரையின் ஒளியில் நீலப் பகுதி கணிசமாக உண்டு. படுக்கையில் கைப்பேசியைப் பார்ப்பவன், இரவு 11 மணிக்குத் தன் மூளைக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் கையே சாட்சி

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அறிவியல் மாணவன் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு 30 செ.மீ. அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் அதைச் செங்குத்தாகத் தொங்கப் பிடிக்கட்டும். சுழிக் கோட்டிற்கு நேராக உங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். விழுந்த தொலைவு s என்றால், s = ½gt² என்ற சமன்பாட்டிலிருந்து நேரம் கிடைக்கும். 15 செ.மீ. என்றால் சுமார் 0.17 நொடி, 20 செ.மீ. என்றால் 0.20 நொடி, 30 செ.மீ. என்றால் 0.25 நொடி. பத்து முறை செய்து சராசரி காணுங்கள். நன்றாக உறங்கிய ஒரு வாரமும், வழக்கம்போல் உறங்கிய ஒரு வாரமும், தினமும் ஒரே வேளையில் அளந்து குறித்து வாருங்கள். சராசரியை மட்டுமன்றி, பிடிக்கவே முடியாமல் அளவுகோல் நழுவிய முறைகளையும் எண்ணுங்கள். தூக்கம் போதாதவனுடைய கவனம் எப்போதும் மந்தமாக இருப்பதில்லை, இடையிடையே அறுந்துபோகிறது. அதுவே ஆபத்து.

1997 இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள், கையும் கண்ணும் இணைந்து செய்யும் ஒரு வேலையைக் கொடுத்துச் சோதித்தனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவர்களின் திறன் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடுதான். காலை 6 மணிக்கு எழுந்த மாணவனுக்கு 17 மணி நேரம் நிறைவது இரவு 11 மணிக்கு. அதன் பிறகு அவன் போடும் கணக்கை நினைத்துப் பாருங்கள். மறுநாள் காலை அவன் சாலையில் சைக்கிள் ஓட்டிச் செல்வதையும் நினைத்துப் பாருங்கள். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவன், ஒரு நொடி கவனம் தப்பினால் நான்கு மீட்டருக்கு மேல் கடந்துவிடுவான்.

"நேரம் போதவில்லை, ஐயா"

இப்படிப் பல மாணவர்கள் என்னிடம் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஓர் அறையே வீடாக உள்ள குடும்பத்தில், எல்லோரும் உறங்கிய பிறகுதான் அமைதி கிடைக்கும். அதிகாலையில் செய்தித்தாள் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் அறிவுரை சொல்லத் துணியமாட்டேன். பள்ளி முடிந்தபின் படிக்க ஓர் இடத்தைப் பள்ளியோ ஊர் நூலகமோ தந்தால், அதுவே அவர்களுக்குச் செய்யும் உண்மையான உதவி.

ஆனால் மற்றவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. 8 மணி நேரத்தை உறக்கத்திற்கு ஒதுக்கினாலும் 16 மணி நேரம் மீதம் இருக்கிறது. அதில் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் அரட்டைக்கும் போவது எவ்வளவு என்று ஒரு வாரம் உண்மையாக எழுதிப் பாருங்கள். வெட்ட வேண்டிய இடம் தானே தெரியும்.

தெருவிளக்கில் படித்து உயர்ந்தவர்களின் கதைகளைச் சொல்லி, "அவர்கள் விழித்துப் படிக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வீட்டில் விளக்கு இல்லை. அதனால் தெருவிற்கு வந்தார்கள். நாம் போற்ற வேண்டியது அவர்களுடைய ஆர்வத்தை. அவர்களுடைய இல்லாமையை அன்று. அதிகாலையில் எழ வேண்டும் என்று நம் பெரியோர் சொன்னதும் உண்மையே. ஆனால் அவர்கள் பொழுது சாய்ந்து சற்று நேரத்திலேயே உண்டு படுத்தவர்கள். அறிவுரையின் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, நள்ளிரவில் படுத்த பிள்ளையை நான்கு மணிக்குத் தட்டி எழுப்புவது முறையாகுமா? விடியுமுன் சிறப்பு வகுப்பு வைக்கும் ஆசிரிய நண்பர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

எழும் நேரத்தை முதலில் உறுதி செய்யுங்கள். விடுமுறை நாளிலும் அதைப் பெரிதும் மாற்றாதீர்கள். எழுந்தவுடன் பத்து நிமிடமாவது திறந்த வெளியில் நில்லுங்கள். மாலை 4 மணிக்கு மேல் தேநீர், காப்பி வேண்டாம். அவற்றிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கைப்பேசி இரவில் வேறோர் இடத்தில் உறங்கட்டும். கடினமான பாடத்தை இரவில் புதிதாகத் தொடங்காதீர்கள். அன்று படித்ததை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள். மீதியை உறக்கம் பார்த்துக்கொள்ளும்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வீதம் முன்னதாகப் படுக்கப் பழகினாலும், ஒரு வாரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் மீண்டுவிடும்.

அடுத்த தேர்வன்று காலை பள்ளி வாயிலில் யாரேனும், "நேற்று எத்தனை மணி வரை படித்தாய்?" என்று கேட்டால், "பத்து மணிக்கே தூங்கிவிட்டேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வினாத்தாளைப் பிரித்த பிறகு, அளவுகோலின் அரை டிகிரிக் கோடு உங்கள் கண்ணுக்குத் தப்பாமல் தெரியும்.