‘வேண்டாம்’ சொல்லிப் பழகும் பார்ட்டி

பார்ட்டியில் கூச்ச சுபாவக்காரரைத் திணறடிப்பது கூட்டம் மட்டுமல்ல. யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகளும்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பேச வந்தாரா, வேறு எண்ணமா? கேட்கவும் கூச்சம், மறுக்கவும் கூச்சம். அந்த மௌனத்தைச் சம்மதம்னு எடுத்துக்கிறவங்க இருக்காங்க. ஆபத்து அங்கேதான்.

2004-ல் நியூயார்க்கில் ரீட் மிஹால்கோவும் மார்சியா பாச்சின்ஸ்கியும் தொடங்கிய ‘கடில் பார்ட்டி’, விதிகளை முதலிலேயே உரக்கச் சொல்லிவிடுகிறது. பெரியவர்கள் மட்டும். பைஜாமாவைக் கழற்றக் கூடாது, செக்ஸ் கிடையாது. அணைத்துக்கொள்ளலாம், ஆனால் தொடும் முன் கேட்கணும், பதில் வாயால் வரணும். யாரையும் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாலும் தப்பில்லை.

ஆரம்பத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு பயிற்சி செய்வார்கள். ஒருவர் ‘முத்தம் தரலாமா?’ என்பார், மற்றவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். பலருக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்வதுதான் கஷ்டமே!

அணைக்க ஒரு பார்ட்டியா என்று சிரிப்பது சுலபம். ஆனால், கூச்சம் போக ஒரு பெக் அடிக்கச் சொல்லும் பார்ட்டிகளைவிட இது எவ்வளவோ நேர்மையானது. இங்கே ‘தெரியலையே’ என்று தோன்றினாலும் ‘வேண்டாம்’தான். ‘சரி’ சொன்ன பிறகும் மனசை மாற்றிக்கொள்ளலாம்.