கோழிக்கும் மலேரியா வருமாங்க?

போன ஐப்பசி மழையில எங்க வீட்டுல மூணு கோழி செத்துப் போச்சு. நாலஞ்சு நாளா இறக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒரே இடத்துல நின்னுச்சுங்க. கொண்டை சிவப்பு மங்கி வெளுத்திருந்துச்சு, எச்சம் பச்சையா போச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பாத்துட்டு, "வெள்ளைக்கழிச்சல்தாங்க, வேறென்ன" ன்னுட்டார். நான் தடுப்பூசி போட்டிருந்தேன், அதான் சந்தேகம். ரத்தம் எடுத்துப் பாக்காம புதைச்சிட்டேன். அதனால என்ன நோயின்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. தப்பு என்னோடது.

அதுக்கப்புறம் கால்நடை டாக்டர் ஒருத்தர்கிட்ட பேசினப்பதான் கோழிக்கும் மலேரியா உண்டுன்னு தெரிஞ்சுது. மனுசனுக்கு வர்ற கிருமி வேற, இது வேற. நம்மள ஒட்டாது. ஆனா இதையும் பரப்புறது கொசுதான்.

சொல்லப்போனா மலேரியா கொசுக்கடியால பரவுதுன்னு முழுசா நிரூபிச்சதே பறவைய வச்சுத்தான். ரொனால்ட் ராஸ் 1898ல கல்கத்தாவுல மனுச நோயாளி சரியா கிடைக்காம, சிட்டுக்குருவி, வானம்பாடி, காக்கான்னு பிடிச்சு வச்சு சோதிச்சார். நோயுள்ள குருவிய கடிச்ச கொசுவோட வயித்துச் சுவத்துல கிருமி வளந்து, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்குப் போறத ஜூலை மாசம் கண்டுபிடிச்சார். அந்தக் கொசுவ நல்ல குருவிங்க மேல விட்டார், அதுகளுக்கும் நோய் வந்துச்சு. 1902ல நோபல் பரிசு குடுத்தாங்க. குருவிங்க பேரு எங்கயும் வரல.

கோழிக்கு வர்ற மலேரியா கிருமிக்கு 1935ல பேரு வச்சவர் பிரம்ப்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர். காட்டுக்கோழியும் நாட்டுக்கோழியும் இதோட ரொம்ப காலமா பழகினதால ஓரளவு தாங்கிக்கும். வெளிநாட்டு ரகக் கோழி பட்டுன்னு விழுந்துடும். முட்டை நிறைய வைக்குதேன்னு புது ரகம் வாங்குறவங்க இதையும் யோசிக்கணும்.

ஹவாய்த் தீவு கதைய கேட்டா வயித்தக் கலக்குது. அங்க கொசுவே கிடையாது. 1826ல கப்பல்ல வந்த தண்ணிப் பீப்பாயோட வந்திறங்குச்சாம். அந்த ஊர்ல இஈவின்னு ஒரு செவப்புக் குருவி. நோயுள்ள கொசு ஒண்ணு கடிச்சாலே பத்துக்கு ஒம்போது செத்துடும். மிச்சமிருக்கிறது அஞ்சாயிரம் அடிக்கு மேல குளுருல ஒதுங்கி வாழுது. ஏன்னா கொசு வயித்துல அந்தக் கிருமி வளர சூடு வேணும், 13 டிகிரிக்குக் கீழ போனா நின்னுடும். இப்ப சூடு கூடிக்கிட்டே போறதால கொசு மேல ஏறுது, குருவிக்கு ஒதுங்க இடமில்ல.

ஏற்காடும் கிட்டத்தட்ட அஞ்சாயிரம் அடிதான். நம்ம பறவைங்க இந்த நோயோட வாழ்ந்து பழகினது, ஹவாய் மாதிரி ஆயிடும்னு பயமுறுத்த வரல. ஆனா என் சின்ன வயசுல இங்க கம்பளி இருந்தாப் போதும், கொசுவலைய யாரும் கண்டதில்ல. இப்ப கொசுவத்தி இல்லாம தூக்கம் இல்ல. "மலையில கொசு வராது"ங்கிற பழைய பேச்ச இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்.

டெங்கு காலத்துல சுகாதாரப் பணியாளர் வீட்டு ட்ரம்மைத் திறந்து பாக்குறாங்க. காப்பித் தோட்டத்துக்குள்ள பல்ப்பர் தண்ணி தேங்கி நாறுற குழிய யாரு பாக்குறா? அழுக்குத் தண்ணின்னா க்யூலெக்ஸ் கொசுவுக்கு கல்யாண விருந்து. பறவை மலேரியாவ பரப்புறதுல அதுதான் முக்கியமான ஆளு. நான் அவங்கள குத்தம் சொல்லல, குழி நம்மளோடது.

சிலர் மருந்து அடிச்சா தீந்துதுன்னு சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மருந்து கொசுவ மட்டுமா கொல்லும்? தேனீயும் போகும், தட்டானும் போகும். தட்டானோட குஞ்சு தண்ணிக்குள்ள கொசுப்புழுவத் தின்னுதான் வளருது. தேங்குற தண்ணிய வடிச்சு விடுறதுக்கு ஒரு மம்பட்டியும் அரை நாளும் போதும்.

கோழிக்கூட்டுக்குப் பின்னாடி இருந்த ட்ரம்முக்கு பழைய வேட்டியக் கட்டியாச்சு. பல்ப்பர் குழிய பழம் பறிப்பு தொடங்குறதுக்குள்ள வாய்க்கால் வெட்டி வடிக்கணும். இனி ஒரு கோழி சோந்து நின்னா, உயிரோட இருக்கும்போதே கூடையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டுபோய் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லப் போறேன். அந்தத் தோட்டத்துக்காரர் சிரிக்கிறார், கோழி விலையவிட பஸ் செலவு ஜாஸ்தின்னு.